பனி ஆகாது

விளக்கு இடது பக்கம் தொங்கிக்கொண்டிருந்தது. பச்சோந்தி வலது பக்கம் உட்கார்ந்திருந்தது.

விளக்கைத்தான் பக்கம் மாற்றி மாட்டிவிட்டோமோ என்று கனகதாஸ் நினைத்தான். எது பிசகினாலும் முதலில் தன் கையைச் சந்தேகிப்பது அவன் சுபாவம். நிமிர்ந்து பார்த்தான். விளக்கு சரியாகத்தான் இருந்தது. தேயிலைப் பெட்டி ஒன்றின் முகப்பை அறுத்துக் கொசுவலைக் கம்பி அடித்த கூடு. உள்ளே குறுக்காக ஒரு கொய்யாக் கிளை. கிளையின் இடது நுனிக்கு மேலே, கூட்டுக்கு வெளியே, உத்தரத்திலிருந்து கயிற்றில் இறக்கிய அரிக்கேன் விளக்கு. தினமும் விடிந்ததும் அந்தப் பிராணி, காலெடுத்து வைக்கலாமா வேண்டாமா என்று யோசிப்பதுபோல ஆடி ஆடி வந்து, விளக்கின் அடியில் காயும். இன்று வரவில்லை. வெளிச்சம் சேராத மூலையில், உடம்பை இலையைப் போலத் தட்டையாக்கி, அகன்ற விலாவைப் பலகைச் சுவருக்குக் காட்டிக்கொண்டு இருந்தது. விளக்கைப் பார்த்த பக்கம் பச்சை. எட்டிப் பார்த்தால், சுவரைப் பார்த்த பக்கம் அடுப்புக்கரி போலக் கறுத்திருந்தது.

அந்தச் சுவருக்கு அந்தப் புறம் அவன் தங்கை விமலகுமாரியின் கட்டில்.

கர்க்கடக மாதம் கழிந்தும் மழை விடவில்லை. ஓட்டு இடுக்கு வழியாக இறங்கிய ஈரம் மண்சுவரில் வரைபடம்போலப் பரவியிருந்தது. வீடு முழுவதும் மண்ணெண்ணெய் வாசமும், கொதித்து ஆறிய பொடியரிக் கஞ்சியின் வாசமும், அவற்றுக்கு அடியில் நோயாளி படுத்த பாயின் புளித்த வாசமும் கிடந்தன. பலகைக்கு அப்பால் விமலா மூச்சு விடுவது கேட்டது. இழுத்து, நிறுத்தி, விட்டு. அந்த மூச்சைக் கேட்டுக்கொண்டேதான் அவன் சில வாரங்களாகத் தூங்கினான், விழித்தான். டைபாய்டு. இறங்கியதுபோல இறங்கி இரண்டு தடவை திரும்ப ஏறிவிட்டது. கம்பவுண்டர் வேதமாணிக்கம் போனவாரம் வந்து பார்த்துவிட்டு முற்றத்தில் நின்று செருப்பைப் போட்டுக்கொண்டே சொன்னார்: "இந்தப் பனி தானா விடணும். விட்டுட்டு இன்னொருக்கா ஏறினா உடம்பு தாங்காது கேட்டியா. பின்ன என்கிட்ட ஓடி வராண்டாம்."

அப்பாவும் அம்மாவும் இல்லாத வீடு. விமலாவும் போனால் அவனுக்குச் சாப்பிட்டாயா என்று கேட்க ஆள் இல்லை. பனி விடவேண்டும். காலையும் மாலையும் அவன் செய்த ஜெபத்தில் அந்த ஒரு வாக்கியம்தான் இருந்தது.

பச்சோந்தி ஈசாக் சாருடையது. பாறசாலைக்கு அருகே ஒரு பள்ளிக்கூடத்தில் அவர் விலங்கியல் வாத்தியார். கனகதாஸ் அங்கே சோதனைக்கூடத்தில் குழாய் கழுவி அடுக்கும் வேலை பார்த்தான். சார் பாளையங்கோட்டைக்காரர். தமிழ்ப் பகுதிகள் தமிழ்நாட்டோடு சேரவேண்டும் என்று ஒரு கூட்டத்தில் பேசிவிட்டார். புதுக்கடையில் அந்தப் போராட்டக்காரர்கள்மேல் துப்பாக்கிச் சூடு நடந்த பிறகு, பேசியவர்களின் வீடுகளுக்கு ரிசர்வ் போலீஸ் போகத் தொடங்கியது. மரச்சீனிக் கிழங்கு ஏற்றிய லாரியில் அவர் கிழக்கே போனபோது, கையில் எடுத்துப் போக முடியாத ஒன்றை மட்டும் கனகதாஸிடம் விட்டுப் போனார்.

"கவனமாக் கேளு. இதுக்குத் தன் சூடு கிடையாது. வெளியேயிருந்து வாங்கணும். முதுகு எந்த உயரத்துல இருக்கோ அந்த உயரத்துல தெர்மாமீட்டரைப் பிடி. பாரன்ஹீட்ல எண்பத்தஞ்சு. மிஞ்சினா தொண்ணூறு. அதுக்கு மேல போனா அதுக்கே தெரியாது. கருகுறது தெரியாம சுகமா உக்காந்திருக்கும். நீதான் அதுக்காகத் தெரிஞ்சுக்கணும்."

லாரி நகர்ந்த பிறகு தார்ப்பாயை விலக்கி இன்னொன்றும் சொன்னார். "பனி மட்டும் ஆகவே ஆகாது. கறுத்துப்போச்சுன்னா பனின்னு வச்சுக்க. உடனே விளக்கைக் கவனி."

சார் போன சில நாளில் அது கறுக்கத் தொடங்கியது. பனி என்று கனகதாஸ் புரிந்துகொண்டான். வீட்டில் ஏற்கெனவே ஒரு பனி இருந்ததால் என்ன செய்யவேண்டும் என்று அவனுக்குத் தெரியும். உடம்பில் கூடிப்போன சூட்டைக் குறைக்க வேண்டும். விமலாவின் நெற்றியில் ஈரத்துணி போட்டான். பச்சோந்தியின் விளக்கைக் கொஞ்சம் உயர்த்தினான். இன்னும் கறுத்தது. இன்னும் உயர்த்தினான். சார் சொன்ன எண்பத்தைந்து நல்ல உடம்புக்குச் சொன்ன கணக்கு, பனி பிடித்த உடம்புக்கு அது அதிகம் என்று யோசித்து, சரிதானா என்று மறுபடி யோசித்து, எழுபத்தெட்டில் கொண்டுவந்து நிறுத்தியிருந்தான். இப்போது விளக்கு உத்தரத்தை ஒட்டி, யாருக்கும் பயனில்லாத உயரத்தில் எரிந்துகொண்டிருந்தது.

பக்கத்து வீட்டுப் புஷ்பபாய் கஞ்சிப் பாத்திரத்தோடு வந்தாள். கூட்டைக் கண்டதும் சேலைத் தலைப்பை இழுத்துத் தொப்புளை மூடிக்கொண்டாள். ஓந்தான் தொப்புள் வழியாக ரத்தம் குடிக்கும் என்பது ஊர் நம்பிக்கை.

"எலே கனகா, இந்தச் சாதனத்த இன்னும் களையலியா?"

"அது சோர குடிக்காது அக்கா. ஓந்தானும் இதுவும் வேற. ஈசாக் சார் சொல்லியிருக்கு."

"ஈசாக் சாருக்கென்ன, கழுத்து வரைக்கும் பித்தான் போட்டு நடக்குத ஆளு. தொப்புள் உண்டா இல்லியான்னு ஆரு கண்டா?" சிரித்தவள், கூட்டருகே வந்ததும் நிறுத்தினாள். "இதென்ன, சுவரப் பாத்து இருக்கு?"

"தெரியல. அதுக்குத் தன் சூடு கிடையாது. வெளியேருந்து வாங்கணும். விளக்கு பக்கம் வராம..."

"வாங்கணுமா?" புஷ்பபாய் பலகையைப் பார்த்தாள். "ஆருட்ட இருந்து?"

பதிலுக்குக் காத்திராமல் விமலாவிடம் போய்விட்டாள். உள்ளே அவள் குரல் தாழ்ந்து கேட்டது. வாயைத் திற மக்கா. இன்னும் ஒரு வாய்.

கனகதாஸ் தெர்மாமீட்டரை எடுத்தான். விளக்குப் பக்கம் எழுபத்தெட்டு. மூலைப் பக்கம் அதைவிடக் குறைவாக இருக்கவேண்டும். பிராணியின் முதுகு உயரத்தில், சுவரிலிருந்து சற்றே விலக்கிப் பிடித்தான். பாதரசம் எழுபத்தெட்டைத் தாண்டியது. எண்பத்தைந்து. தொண்ணூறு. குழாயைப் பிடித்த தன் விரல் சூடாக இருக்குமோ என்று துணி சுற்றிப் பிடித்தான். தொண்ணூற்றெட்டில் போய், எதையோ யோசிப்பதுபோல நின்றது.

கையைப் பலகையில் வைத்தான். மழைக்காலப் பலகை. ஈரம், குளிர், லேசான பாசியின் வழுவழுப்பு. கையை நகர்த்தினான். குளிர். குளிர். பிறகு, உள்ளங்கைக்கு அடியில், விமலாவின் நெற்றியைத் தொட்டால் எப்படி இருக்குமோ அப்படி ஓர் இளஞ்சூடு. அதன் எல்லையைத் தேடி விரல்களைக் கீழே இறக்கினான். தரைவரை போயிற்று. மேலே ஏற்றினான். இடுப்பு, மார்பு, தோள் என்று ஏறி அவன் மோவாய் உயரத்தில் முடிந்தது.

விமலாவின் கட்டில் முழங்கால் உயரம். விமலா படுத்திருந்தாள். எழுந்து நின்றால் அவன் மோவாய் வரை வருவாள்.

உள்ளே போய்ப் பார்த்தான். கட்டில் சுவரோரம் கிடந்தது. விமலா கண்ணை மூடிப் படுத்திருக்க, புஷ்பபாய் அவள் வாயோரம் கஞ்சியைத் துடைத்துக்கொண்டிருந்தாள். கட்டிலுக்கும் சுவருக்கும் இடையில் ஒரு கை நுழையும் இடம்கூட இல்லை.

"அண்ணா," கண்ணைத் திறக்காமல் விமலா சொன்னாள். "ஆரோ அங்கேருந்து இழுக்குது."

"என்னத்த மக்கா?"

கையை மெல்லத் தூக்கி, தன் நெஞ்சிலிருந்து சுவர்வரை ஒரு நூலைக் காட்டுவதுபோலக் காட்டினாள். பனியின் பிதற்றல் என்று புஷ்பபாய் கண்ணாலேயே சொன்னாள். கனகதாஸும் அப்படித்தான் எடுத்துக்கொண்டான். தான் தொட்டதையும் அந்தக் கணக்கில் சேர்த்துக்கொள்ள முயன்றான். சரியாகத் தூங்காத கை. அதற்கு எல்லாம் சூடாகத்தான் படும்.

மாலையில் விமலா அயர்ந்து தூங்கினாள். புஷ்பபாய் காவலிருக்கச் சம்மதித்ததால் அவன் வகுப்புக்குப் போனான். பொன்னுதாஸின் கொப்பரைக் கொட்டகையில், கதவைச் சாத்திக்கொண்டு நடக்கும் தமிழ் வகுப்பு. வந்தவர்கள் எல்லோரும் மலையாளப் பள்ளியில் படித்தவர்கள். வீட்டில் தமிழ் பேசுவார்கள், எழுத்துக் கூட்டத் தெரியாது. ஐந்து பேர் சேர்ந்து நிற்கக்கூடாது என்று உத்தரவு போட்ட பிறகு கூட்டம் குறைந்துவிட்டது. தேங்காயெண்ணெய் சிக்கு வாசத்தில், தரையில் உட்கார்ந்து, குரலை அடக்கிப் பாடம் படித்தார்கள்.

பஸ்ஸில் கிளீனராக இருந்த சத்தியதாஸ் விரல் வைத்துக் கூட்டினான். "மார்... கழி... மாதத்தில்... பனி... பெய்யும்." நிமிர்ந்தான். "எல்லாருக்குமா சாரே? அப்பம் ஆஸ்பத்திரியில மருந்து தட்டுமே."

அடக்கிய சிரிப்பு கொட்டகையில் ஓடியது. பாடம் நடத்திய பொன்னுதாஸும் சிரித்தார்.

"எலே, அது நம்ம பனி இல்ல. குளிரு. தண்ணுப்பு. விடியக்காலம் புல்லு மேல கிடக்குமே, மஞ்ஞு, அதாக்கும். நம்ம பனிக்கு அங்க காய்ச்சல்னு பேரு."

"அப்பிடின்னா," கனகதாஸ் கேட்டான், "கிழக்க உள்ள ஒருத்தரு பனின்னு சொன்னா?"

"குளிருன்னு அர்த்தம். என்னத்துக்குக் கேக்குத?"

லாரியிலிருந்து சார் சொன்னது அவனுக்கு மறுபடி கேட்டது. கறுத்துப்போச்சுன்னா பனின்னு வச்சுக்க. கறுப்பு சூட்டின் நிறம் அல்ல. குளிரின் நிறம். சூடு வேண்டும் என்று அது இத்தனை நாளும் உடம்பைக் கறுப்பாக்கிக் கேட்டிருக்கிறது. கேட்கக் கேட்க அவன் விளக்கை உயர்த்தியிருக்கிறான். தன் சூடு இல்லாத பிராணி. வெளியேயிருந்து வாங்கவேண்டிய பிராணி. விளக்கு இல்லாமல் போனதும் அந்த வீட்டில் வேறு எங்கே சூடு இருக்கிறது என்று தேடியிருக்கிறது.

அந்த வீட்டில் சூடாக இருந்தது ஒன்றுதான்.

சட்டையைக்கூடச் சரியாகப் போடாமல் கிளம்பினான். இருட்டுவதற்கு இன்னும் நேரம் இருந்தது, ஆனால் மழை ஒளியைக் குடித்துவிட்டிருந்தது. ரோட்டில் தவளைகளும் அவன் கால்களும் தவிரச் சத்தமில்லை. சந்தை முக்கில் போலீஸ் ஜீப் நின்றது. மழைக்கோட்டு போட்ட ஒருவன் தடியை நீட்டி வழி மறித்தான்.

"எங்கோட்டா?"

"வீட்டிலேக்கு சாரே." நாக்கு தானாக மலையாளத்துக்குத் திரும்பியது. "அனியத்திக்குப் பனியா. டைபாய்டு."

போலீஸ்காரன் மூக்கைப் பொத்திக்கொண்டு ஒரு எட்டுப் பின்னால் போனான். போ போ என்று தடியால் காட்டினான். எந்தச் சொல் அவனை இங்கே கொண்டுவந்து நிறுத்தியதோ அதே சொல் இப்போது வழிவிட்டது. அவன் ஓடினான்.

புஷ்பபாய் வாசலிலேயே நின்றாள். அழுதிருந்தாள். ஆனால் சிரித்துக்கொண்டிருந்தாள்.

"பனி விட்டுது மக்கா. கர்த்தர் கண் திறந்தாரு. இப்பம் கொஞ்சம் முன்ன, கூட்டுக்குள்ள என்னமோ படபடன்னு அடிச்சுது. அந்த நேரத்தில இவ ஒரு பெருமூச்சு விட்டா. தொட்டுப் பாத்தா, உடம்பு தண்ணியாட்டுக் குளுந்து கிடக்கு. எழுந்து உக்காந்திருக்கா. போய்ப் பாரு. நான் ஜீப்பு வாறதுக்கு முன்ன வீட்டுக்குப் போறேன்."

அவள் போனாள். அவன் முன்னறையில் நின்றான். அங்கே மண்ணெண்ணெய் வாசம் இல்லை. வேறு வாசம். இறைச்சி வாட்டியது போல.

விளக்கு உத்தரத்தை ஒட்டி, திரி தாழ்ந்து, மங்கலாக எரிந்தது. கூட்டின் தரையில் பச்சோந்தி கிடந்தது. வாய் திறந்திருந்தது. ஒரு பக்கம் காகிதம்போல வெளுத்திருந்தது. சுவரைப் பார்த்திருந்த பக்கம் கறுப்பு. கதவைத் திறந்து விரலால் தொட்டான். கறுப்பு விரலோடு வந்தது. அது நிறம் அல்ல. தோல் உரிந்து, கீழே விலா எலும்புகள் சின்னச் சீப்புப்போலத் தெரிந்தன. கருகியது தெரியாமலே உட்கார்ந்திருக்கிறது. வாங்க வாங்க வந்துகொண்டே இருந்திருக்கிறது.

பலகையைத் தொட்டான். மேலிருந்து கீழ்வரை குளிர்.

"அண்ணா."

விமலா கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். நேராக. எத்தனையோ நாளுக்குப் பிறகு நேராக. முகம் தெளிந்திருந்தது. அவனைப் பார்த்துச் சிரித்தாள். அந்தச் சிரிப்பைப் பார்த்ததும் அவன் மனம் ஒரு கணம் எல்லாவற்றையும் மறந்தது. ஓடிப்போய் அவள் கையைப் பிடித்தான்.

தண்ணீர்ப் பானையைப் பிடித்தது போலக் குளிர்ந்திருந்தது.

"பனி விட்டுதா மக்கா?"

"விட்டுது."

காய்ச்சல் பார்க்கும் தெர்மாமீட்டரை உதறி அவள் நாக்குக்கு அடியில் வைத்தான். எடுத்துப் பார்த்தான். பாதரசம் அசையவில்லை. கைப்பிசகு. மறுபடி வைத்தான். அசையவில்லை. கூட்டுத் தெர்மாமீட்டரை எடுத்துவந்து அவள் உள்ளங்கையில் வைத்து விரல்களை மூடினான். எழுபத்தேழு. சுவரில் வைத்தான். எழுபத்தேழு. தண்ணீர்க் குடத்தில் விட்டான். எழுபத்தேழு.

கொசுக்கள் அவன் காதைச் சுற்றின. அவன் கழுத்தில் உட்கார்ந்தன. அவள்மேல் ஒன்றும் உட்காரவில்லை.

மணிக்கட்டில் நாடி தேடினான். விரல் வைக்கும் இடம் தவறு என்று எண்ணினான். அந்தக் கையைவிட்டு அடுத்த கையில் தேடினான். பிறகு தேடுவதை நிறுத்தினான். அவள் பேசிக்கொண்டிருந்தாள். பேசுகிறவளுக்கு நாடி இருக்கும்.

குரல் மட்டும் தேய்ந்துகொண்டே வந்தது. சொற்களுக்கு இடையில் இடைவெளி நீண்டது. கண் இமை பாதியில் நின்றது.

"அண்ணா. பனிக்குது."

பிறந்ததிலிருந்து அவள் வாயில் அந்தச் சொல்லுக்கு ஒரே அர்த்தம்தான். இப்போது அது ஈசாக் சார் சொன்ன அர்த்தத்தில் வந்தது.

அவன் விளக்கை அவிழ்த்தான். திரியைத் தூண்டினான். கட்டிலருகே கொண்டுவந்தான். வேறு என்ன செய்வது என்று தெரியவில்லை. இதைத்தான் அவனுக்குச் சொல்லித் தந்திருந்தார்கள். முதுகு இருக்கும் உயரத்தில் தெர்மாமீட்டரைப் பிடித்தான். எண்பது. கொஞ்சம் பக்கத்தில். எண்பத்தைந்து. விளக்கை அங்கேயே நிறுத்தினான்.

விமலாவின் இமை உயர்ந்தது. குரல் திரும்பியது. "நல்லா இருக்கு அண்ணா."

"இவ்வளவு போதும்."

"இன்னும் கொஞ்சம் அடுத்து வை."

"கூடாது. தொண்ணூறுக்கு மேல கூடாது."

அவள் மறுக்கவில்லை. நிதானமாக, யோசித்து யோசித்துக் கையை நீட்டினாள். விளக்கின் கண்ணாடியை உள்ளங்கையால் சுற்றிப் பிடித்தாள். மெல்லிய சத்தம் கேட்டது. தோசைக்கல்லில் தண்ணீர் தெளித்தது போல. முன்னறையில் இருந்த வாசம் இந்த அறைக்கும் வந்தது.

அவன் இழுத்தான். அவள் விடவில்லை. அவன் முகத்தைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே இருந்தாள், அந்தச் சிரிப்பில் வலி இல்லை, அவளுக்கு ஒன்றும் தெரியவில்லை. மறுகையால் போர்வையை விலக்கினாள். சட்டையை உயர்த்தி, விலாவைச் சுடரின் பக்கம் திருப்பினாள்.

அந்தப் பக்கம் மெல்லக் கறுத்தது.